இருநாள் மதுரைப் பயணமும் அனர்த்ததண்ட விரதமும்

(விழா மேடையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடுமுறை வந்தால் இரண்டு நாள் வெளியூர் சென்று திரும்புவது இன்று நம் குடும்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. விழுப்புரம், திண்டிவனம் பகுதி இளைஞர்கள் பலர் மதுரை செல்ல விரும்புகிறார்கள். அப்பயணத்தை உயிர்களுக்கும் ஊராருக்கும் தீங்கின்றி எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே இன்று எனக்களிக்கப்பட்ட பொருள்.

இதற்குப் புதிய நூல்களைத் தேட வேண்டியதில்லை. சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்ததண்ட விரதத்தை விளக்குமிடத்து, பயனின்றி மண்ணை அகழ்தல், நீரைச் சிந்துதல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் பிரமாதசரியை என்று விலக்குகிறார். அவற்றோடு, வீணே திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சேர்த்துச் சொல்கிறார். ஆகவே, புறப்படுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, 'எதற்காகச் செல்கிறோம்?' என்பதாகும்.

இக்கேள்வியைக் கேளாமல் நானே ஒருமுறை சென்றேன். இரண்டு வேன்களில் புறப்பட்டு, ஒரே நாளில் ஐந்து குன்றுகளைப் பார்த்துவிடத் துடித்தோம். எதையும் நின்று பார்க்கவில்லை. மாலையில் ஒரு குன்றின் அடிவாரத்தில், ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் நாங்கள் உண்டு எறிந்த பிளாஸ்டிக் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஆடு தின்னுட்டா வயிறு ஊதிச் செத்துப்போகும்யா" என்றார். அவர் சினந்து பேசவில்லை. நீரிலுள்ள சிற்றுயிருக்காகத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் மரபில் வந்த நான், மறுமொழியின்றி அவரோடு குனிந்து பொறுக்கினேன்.

அன்று கற்றதைக் கூறுகிறேன். இரண்டு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும். விழுப்புரத்திலிருந்து மதுரை 300 கிலோமீட்டருக்கு மேல். தனித்தனிக் கார்களில் செல்வதைவிட இரயிலில் செல்வதே புகையும் செலவும் குறைந்த வழி. வைகை விரைவு வண்டியில் பிற்பகலில் ஏறினால், கொண்டு செல்லும் கட்டுச்சோற்றைப் பொழுது சாயுமுன் வண்டியிலேயே உண்டுவிடலாம். எவர்சில்வர் அடுக்கும், வடிகட்டிய நீர் நிரம்பிய செம்பும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. அவை இருக்கும்போது பிளாஸ்டிக் புட்டிகள் எதற்கு?

முதல் நாள், மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியிலுள்ள சமணமலைக்குச் செல்லுங்கள். நகரப் பேருந்தே போதும். செட்டிப்பொடவையும் பேச்சிப்பள்ளத்தையும் அமைதியாகக் காணுங்கள். அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அம்மலையில் உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கும் அந்த வட்டெழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டி தேய்த்தல், எண்ணெய் பூசுதல், பெயர் கீறுதல் எதுவும் கூடாது. பக்தியால் செய்தாலும் எழுத்து அழிந்துபோகும்.

மறுநாள் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ள இவ்வூரையும் மீனாட்சிபுரத்தையும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது, சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. நம் தீர்த்தங்கரர் வீற்றிருக்கும் மலைக்காகத் தெருவில் இறங்கியவர்கள் அவ்வூர் உழவர்கள். அவர்களுள் நம் சமயத்தார் அரியர்.

இதை நெஞ்சில் இருத்துங்கள். அங்கு நாம் உரிமையாளர்கள் அல்லர், நன்றிக்கடன்பட்ட விருந்தினர்கள். அடிவாரத்து ஐயனாரையும் கருப்பண்ணசாமியையும் வணங்குவோரின் வழிபாட்டை மதித்து, அவர்கள் ஊர்க் கடைகளிலேயே இளநீரும் பழமும் வாங்குங்கள். நகரில் பொருள் வாங்க விரும்பினால், பட்டுக்குப் பதிலாகக் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய பருத்திச் சுங்குடியை வாங்குங்கள். புழுவின் உயிரும் போகாது, கைவினைஞர் வீட்டில் அடுப்பும் எரியும். பேரம் பேசி அவர்கள் கூலியைக் குறைக்காதீர்கள்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரரைத் தரிசிக்க வெளியூரார் வரும்போது, அவர்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமென்று நாம் விரும்புவோமோ, அவ்வாறே நாமும் பிறர் ஊரில் நடப்போம். திரும்பும் வண்டியில் ஏறுமுன் நம் பையைத் திறந்து பார்ப்போம். நாம் கொண்டுசென்ற குப்பை அனைத்தும் அதில் இருக்குமாயின், அப்பயணம் வீண்திரிதல் ஆகாது.

அறம் வளர்க!