அப்பாவுக்கு ஏன் நள்ளிரவில் வியர்க்கிறது?



நம் வீட்டு ஆண்கள் வாய் திறந்து பேசாத ஒரு விஷயத்தை இன்று பேசப்போகிறோம். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே உள்ள சிறிய சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் புரோஸ்டேட் புற்றுநோயும் ஒன்று.

இந்த நோயே நேரடியாக ஹார்மோன் கோளாறை உண்டாக்குவது மிக அரிது. பெரும்பாலும் சிகிச்சையால்தான் அது வருகிறது. ‘டெஸ்டோஸ்டிரோன்’ எனும் ஆண் ஹார்மோன் இந்தப் புற்றுநோய்க்குத் தீனி போடுகிறது. இதை 1941-இல் அமெரிக்காவில் கண்டறிந்த மருத்துவர் சார்ல்ஸ் ஹக்கின்ஸ், 1966-இல் நோபல் பரிசு பெற்றார். நோய் பரவியவர்களுக்கும், கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் சிலருக்கும் அந்த ஹார்மோனைக் குறைக்க மாதம் ஒரு முறையோ மூன்று மாதங்களுக்கு ஒரு முறையோ ஊசி போடுகிறார்கள்.

ஹார்மோன் குறைந்தால் உடம்பு சும்மா இருக்குமா? குளிர்சாதன அறையிலும் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். மார்பு சற்றுப் பெருக்கலாம். தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேரும். எலும்பு மெலியும், சாதாரணமாக வழுக்கி விழுந்தாலே முறிந்துவிடலாம். இரத்தத்தில் சர்க்கரை ஏறும் அபாயமும் உண்டு. நீரிழிவு அதிகமுள்ள நம் சமூகம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

தாம்பத்திய ஆசையும் குறைந்துவிடும். இங்கேதான் குடும்பத்தில் சிக்கல் தொடங்குகிறது. அவமானமாக நினைத்துக் கணவர் ஒதுங்கிப்போகிறார். ‘என் மேல் இருந்த பாசம் போய்விட்டதோ?’ என்று மனைவி கலங்குகிறார். பாசம் போகவில்லை அம்மா, ஹார்மோன்தான் குறைந்திருக்கிறது!

ஐயா, நீங்களும் யோசித்துப் பாருங்கள். மாதவிடாய் நின்றபோது இதே வெக்கை, இதே எரிச்சல், இதே தூக்கமின்மையைப் பல பெண்கள் தாங்கியிருக்கிறார்கள். உங்கள் மனைவியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவரிடம் சொல்ல வெட்கம் எதற்கு?

சிலர் ‘ஆண்மை’ திரும்ப வேண்டுமென்று கடையில் தொங்காட் அலி காப்பியும் ஊக்க மாத்திரைகளும் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்று சொல்லி விற்கப்படுபவை அவை. ஒரு பக்கம் ஊசியால் குறைத்துவிட்டு மறுபக்கம் ஏற்றப் பார்ப்பது ஆபத்து. மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். தொல்லை தாங்காமல் ஊசியை நீங்களாகவே நிறுத்தியும்விடாதீர்கள்.

வெக்கையைக் குறைக்க மருந்து இருக்கிறது. எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிக்கலாம். தினமும் நடப்பதும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் நல்ல பலன் தரும். சிலருக்கு ஊசியை இடைவெளி விட்டுப் போடவும் வழி உண்டு. அதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள். மனைவியையோ மகனையோ அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்குச் சொல்லக் கூச்சமானதை அவர்கள் கேட்பார்கள்.