வடம் விறைத்தால் விலகி நில்லுங்கள்



ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் போகிற சாலையில் பயணம் செய்தவர்களுக்குக் கன்டெய்னர் டிரெய்லர்களை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் தொடங்கியது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்பாட்டுக்கு வந்தது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். இந்த மூன்றுக்கும் போய்வருகிற வண்டிகள் சாலையோர மண்ணில் ஒதுங்கி நிற்கின்றன. வெயில் காலத்தில் அந்த மண் கெட்டியாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே இடம் சேறாகிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது மணலியும் எண்ணூரும் என்ன பாடுபட்டன என்பது உங்களுக்கே தெரியும்.

வண்டி புதைந்துவிட்டால் யாராவது ஒரு கயிறு கொண்டுவருவார்கள். இன்னொரு லாரியோ, ஜீப்போ, வின்ச் பூட்டிய ரெக்கவரி வண்டியோ முன்னால் வந்து நிற்கும். பத்து நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். இப்படிக் கூடி நிற்கிறவர்களின் உயிரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

வின்ச் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. காசிமேட்டு விசைப்படகுகளில் இழுவலையை மேலே கொண்டுவருவது வின்ச்தான். துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு இழுத்துக் கட்டுவதும் வின்ச்தான். டிரம் சுழல்கிறது, வடம் சுருள்கிறது, பாரம் நகர்கிறது. பார்ப்பதற்கு நிதானமான வேலை. ஆபத்து டிரம்மில் இருப்பதைவிட, விறைத்து நிற்கும் வடத்தில்தான் அதிகம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்பு வயர் ரோப். நீளம் 20 மீட்டர். அதை 3 டன் விசையோடு இழுத்தால் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த நீட்சிக்குள் தேங்கி நிற்கும் ஆற்றல், 20 கிலோ எடையை மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் அது தரையில் மோதும் ஆற்றலுக்குக் கிட்டத்தட்டச் சமம். வடம் அறுந்தால் அவ்வளவும் ஒரு நொடிக்குள் வெளியே வரும். வருவது வெறும் வடமாகவும் இருக்காது. நுனியில் இருக்கிற கொக்கியையும், அதை மாட்டியிருக்கும் சாக்கிள் என்ற இரும்பு வளையத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

இரும்புக்குப் பதிலாக நைலான் கயிறு போட்டால் ஆபத்து குறையும் என்று பலர் நம்புகிறார்கள். நைலான் நன்றாக நீளக்கூடியது. அதே 20 மீட்டர் கயிறு, அதே 3 டன் இழுப்பு. பத்து சதவீதம் நீண்டால் 2 மீட்டர். தேங்கும் ஆற்றல் இரும்பு வடத்தில் தேங்குவதைப் போலப் பதினைந்து மடங்கு. உண்டிவில்லின் ரப்பரை இழுத்துப் பிடித்திருப்பதுபோலத்தான் அது. கல்லுக்குப் பதிலாக அதில் ஒரு இரும்புக் கொக்கி இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இப்போது புதுவகைச் செயற்கை இழை வடங்கள் வந்திருக்கின்றன. எடை குறைவு, நீட்சியும் குறைவு. இவை அறுந்தாலும் திருப்பி அடிக்காது என்று சொல்லி விற்கிறார்கள். கப்பல் உலகம் இந்த நம்பிக்கைக்கு ஒரு விலை கொடுத்திருக்கிறது. 2015 மார்ச் மாதம், பிரிட்டனின் மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தில் ‘ஸார்கா’ என்ற எரிவாயுக் கப்பலைக் கரையோடு கட்டிக்கொண்டிருந்தபோது இந்த வகை வடம் ஒன்று அறுந்து அடித்ததில், ஓர் அதிகாரி தலையில் பலத்த காயமடைந்தார். வடத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த, நீளும் தன்மையுள்ள வால்கயிறு அந்த அடிக்கு வேகம் கொடுத்தது என்பது விசாரணையில் தெரியவந்தது. வடம் புதிது என்பதற்காக யாரும் அருகில் போய் நிற்கக்கூடாது.

அப்படியானால் எவ்வளவு தள்ளி நிற்பது? வெளியே விட்டிருக்கும் வடத்தின் முழு நீளம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரம். 20 மீட்டர் வடம் என்றால் 20 மீட்டருக்கு அப்பால். வடத்தின் நேர்க்கோட்டில் எந்தப் பக்கமும் நிற்கக்கூடாது. கப்பி போட்டு வடத்தை வளைத்திருந்தால் அந்த வளைவுக்கு உள்ளே நிற்கவே கூடாது. கப்பி பிடுங்கிக்கொண்டால் வடம் பாய்வது அந்தப் பக்கம்தான். முன்பெல்லாம் கப்பல் தளத்தில் வடம் எங்கே அடிக்கும் என்று வண்ணம் பூசி அடையாளம் காட்டுவார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளுக்கான பாதுகாப்பு நெறிமுறை இப்போது அதை வேண்டாம் என்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பயமில்லை என்று ஆட்கள் நினைத்துவிடுவார்கள். ஆகவே தளம் முழுவதையுமே ஆபத்தான இடமாகக் கொள்ளுங்கள் என்கிறது. அந்தப் படிப்பினை நம் சாலைக்கும் பொருந்தும்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்து உண்டு. லாரி சாலையோரப் பள்ளத்தில் இருக்கும். இழுக்கிற வண்டி எதிர்ப்புறம் நிற்கும். வடம் சாலைக்குக் குறுக்கே கிடக்கும். சந்து கிடைத்தால் நுழைகிற இருசக்கர வாகனக்காரர் கண்ணுக்கு அந்த வடம் தெரியாது. இரவென்றால் சுத்தமாகத் தெரியாது. விறைத்த வடம் அவர் கழுத்து உயரத்தில் இருக்கக்கூடும். ஆகவே இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தாமல் வின்ச்சின் பொத்தானில் கை வைக்கக் கூடாது. ஆள் போதவில்லை என்றால் 112-க்கு அழைத்துக் காவல்துறையின் உதவியைக் கேளுங்கள்.

இனி, வண்டியை இழுக்கிறவர்களுக்கு.

முதலில் மண்வெட்டியை எடுங்கள். ராணுவ மீட்புப் பணியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் நடு அச்சு வரை புதைந்த வண்டியை இழுக்க, வண்டியின் முழு எடைக்குச் சமமான விசை வேண்டும். அச்சுக்கு மேலே மட்கார்டு வரை புதைந்திருந்தால் அதைப்போல இரு மடங்கு. பத்து டன் லாரிக்கு இருபது டன் இழுப்பு. ஜீப்பின் முன்னால் பூட்டியிருக்கும் வின்ச் பெரும்பாலும் நான்கு, ஐந்து டன் திறன் கொண்டது. அதை வைத்துக்கொண்டு லோடு லாரியை இழுக்க முயல்வது வடத்தை அறுப்பதற்கான முயற்சிதான். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வெட்டி எடுத்து, பலகையோ கல்லோ பரப்பினால் தேவைப்படும் விசை வெகுவாகக் குறையும். பாரத்தை இறக்க முடியுமானால் இறக்குங்கள். திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் சிக்கிய கார் என்றால், டயரில் காற்றைக் குறைத்தாலே பல வேளைகளில் வெளியே வந்துவிடும், வின்ச்சே வேண்டியதில்லை.

அடுத்து, எதில் கட்டுவது? மின்கம்பத்தில் ஒருபோதும் கட்டக்கூடாது. கம்பம் சாய்ந்தால் மேலே இருக்கும் மின்கம்பியும் சேர்ந்து விழும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் அசையாதவை போலத்தான் தெரியும்; இழுத்தால் புரண்டு வரும். மரம் என்றால் அடிமரத்தில் அகலமான பெல்ட் சுற்றி அதில் மாட்டுங்கள். வடத்தை மரத்தைச் சுற்றி அதன் மேலேயே திருப்பிக் கொக்கி போட்டால் அந்த இடத்தில் வடம் நசுங்கிப் பலமிழக்கும். வண்டியில் பம்பரிலோ டிரெய்லர் மாட்டும் குண்டிலோ கட்டாதீர்கள். சேஸிஸோடு சேர்ந்த இழுகொக்கியில் மட்டும் கட்டுங்கள். பம்பர் பிய்ந்தாலோ குண்டு ஒடிந்தாலோ அது வடத்தோடு பறந்து வரும். ஆஸ்திரேலியாவில் டிரெய்லர் குண்டு ஒடிந்து பறந்ததில் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். சாக்கிள் எத்தனை டன் தாங்கும் என்பது அதன் மேலேயே பொறித்திருக்கும். எண் இல்லாத சாக்கிளும், பின்னுக்குப் பதிலாகச் சொருகிய சாதா போல்ட்டும் இந்த வேலைக்கு ஆகாது.

கப்பியைச் சேற்றில் சிக்கிய வண்டியில் மாட்டி, வடத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இழுக்கிற வண்டியிலேயே கட்டினால் வின்ச்சின் இழுவிசை ஏறத்தாழ இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். ஆனால் அந்தக் கப்பியின் மீதும் அதைப் பிடித்திருக்கும் சாக்கிளின் மீதும் விழும் பாரமும் இரட்டிப்பாகும். ஆகவே அவற்றின் திறன் வடத்தின் இழுப்பைப்போல இரு மடங்காவது இருக்க வேண்டும். டிரம்மில் வடம் அடுக்கடுக்காக ஏற ஏற இழுவிசை குறையும். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் திறன் முதல் அடுக்குக்குத்தான். அதற்காக முழுவதையும் அவிழ்த்துவிடக் கூடாது. இரும்பு வடம் என்றால் குறைந்தது ஐந்து சுற்று டிரம்மிலேயே இருக்கட்டும்.

கைக்குத் தோலுறை போடுங்கள். வடத்தைக் கைக்குள் ஓடவிடாமல், ஒரு கை பிடித்த பிறகு மறுகை என்று மாற்றி மாற்றிப் பிடியுங்கள். வடத்தைச் சுருட்டி முடிக்கும் கடைசி ஒரு மீட்டரில்தான் விரல்கள் போகின்றன. அப்போது கொக்கியைக் கையால் பிடிக்காமல், அதில் ஒரு நாடாவைக் கோத்து நாடாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது நடு வடத்தின் மேல் கனமான ஈரச் சாக்கு ஒன்றைப் போடுங்கள். அறுந்தால் வடத்தைத் தரைக்கு இழுக்க அது உதவும். அடியைக் குறைக்குமே தவிரத் தடுத்துவிடாது; சாக்கு போட்டாயிற்று என்று யாரும் நெருங்கக் கூடாது. சைகை காட்டுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும். ஆனால் “நிறுத்து” என்று குரல் கொடுக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. அந்தக் குரல் கேட்டவுடன் வின்ச் நிற்க வேண்டும். விறைத்த வடத்தை ஒருவரும் தாண்டக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வடத்தைப் பாருங்கள். கடற்காற்று படுகிற ஊர் இது. மேலே கிரீஸ் மினுமினுக்கும். உள்ளே புரிகளுக்கு நடுவில் துரு தின்றுகொண்டிருக்கும். வளைத்துப் பார்க்கும்போது செம்பொடி உதிர்ந்தால் அந்த வடத்தின் காலம் முடிந்தது. கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குப் பழைய விதி ஒன்று உண்டு. வயர் ரோப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அதன் பிறகு மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். வடத்தின் தடிமனைப்போல எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்தக் கம்பிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் அறுந்திருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. 10 மில்லிமீட்டர் வடத்துக்கு எட்டு மடங்கு என்றால் 80 மில்லிமீட்டர். உங்கள் நான்கு விரல் அகலம். ஆறு புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி என்றால் மொத்தம் 114 கம்பிகள். அந்த நான்கு விரல் அகலத்துக்குள் பன்னிரண்டு கம்பி அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் வடத்தைக் கழித்துவிட வேண்டியதுதான். முறுக்கேறி மடங்கிய இடம் இருந்தாலும், புரி பிரிந்து கூண்டுபோல உப்பியிருந்தாலும், எண்ணிப் பார்க்கவே தேவையில்லை.

கப்பலுக்காகப் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட விதி இது. துறைமுகக் கதவுக்கு உள்ளே இருக்கும் ஒழுங்கு, கதவுக்கு வெளியே சாலையில் நிற்கிற லாரி ஓட்டுநருக்கும், கிளீனருக்கும், வேடிக்கை பார்க்கிற பள்ளிப் பிள்ளைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? கழித்துப்போட்ட வடங்கள் துறைமுகத்திலிருந்து வெளியே வந்துவிடுகின்றன. அவற்றைக் கழிக்கச் சொன்ன விதியும் கூடவே வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ரெக்கவரி வண்டி வைத்திருப்பவர்களே, லாரி உரிமையாளர்களே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் மீனவச் சகோதரர்களே, மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலைப்பொழுதை இதற்காக ஒதுக்குங்கள். வடத்தை முழுவதுமாக அவிழ்த்து விரித்து, நான்கு விரல் நான்கு விரலாகப் பாருங்கள். ஆகாத வடத்தை ஓரமாகப் போட்டுவைக்காதீர்கள். இன்னொருவர் எடுத்துக் கட்டிவிடுவார். துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போடுங்கள். சாலையில் போகிறவர்களே, எங்கேயாவது வண்டியை இழுப்பதைப் பார்த்தால் வடத்தின் நீளத்துக்கு அப்பால் விலகி நில்லுங்கள்; பக்கத்தில் நிற்கும் பிள்ளைகளையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போங்கள்.