கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

(கோபர்கைரனே கிளையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சென்ற கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "சில கம்பெனிகள் ஏழைக் குழந்தைகளின் படிப்புக்கு உதவுகின்றன. நாம் எல்லோரும் அந்தக் கம்பெனிகளின் சாமான்களையே வாங்கினால் என்ன? சோப்பு எப்படியும் வாங்கத்தான் போகிறோம், கூடவே புண்ணியமும் கிடைக்குமே" என்றார். நல்ல மனசோடு சொன்ன யோசனை, கைதட்டலும் கிடைத்தது. அதைப் பற்றி இன்று பேசும்படி செயலாளர் பணித்தார். நான் 35 வருஷம் கணக்கு எழுதியே ஓய்வு பெற்றவன். ஆகவே கொஞ்சம் கணக்கோடுதான் பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏற்பாடு நம் ஊரில் பிறந்ததல்ல. 1983-ல் அமெரிக்காவில், சுதந்திர தேவி சிலையைப் பழுது பார்க்கப் பணம் தேவைப்பட்டது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கம்பெனி, தன் கார்டை உபயோகிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு செண்ட் தருவதாக விளம்பரம் செய்தது. சிலைக்கு 17 லட்சம் டாலர் சேர்ந்தது. கார்டு உபயோகமும் நன்றாக ஏறியது. தர்மமும் ஆயிற்று, வியாபாரமும் ஆயிற்று என்று மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

நம் நாட்டில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் 'ஷிக்‌ஷா' திட்டத்தை ஆரம்பித்தது. சாமான் விற்பனையிலிருந்து ஒரு பங்கு குழந்தைகள் கல்விக்கு என்றார்கள். 2003-ல் ஐ.டி.ஸி. கொண்டுவந்த 'கிளாஸ்மேட்' நோட்டுப் புத்தகத்தில், 4 நோட்டுக்கு 1 ரூபாய் சமூகப் பணிக்கு என்று அறிவித்தார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கு வருஷத்துக்கு ஒரு டஜன் நோட்டு வாங்கினால், நம் மூலமாகப் போகும் தர்மம் 3 ரூபாய்.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு கோடி வீடுகளில் மூன்று மூன்று ரூபாயாகச் சேர்ந்தால் மூன்று கோடி. ஷிக்‌ஷா மூலம் பள்ளிக்கூடங்கள் நிஜமாகவே கட்டப்பட்டன. அங்கே படிக்கும் குழந்தைக்குப் பணம் எந்தப் பையிலிருந்து வந்தது என்பதா முக்கியம்? ஆகவே கம்பெனிகள் கொடுப்பது நல்லதுதான், கொடுக்கட்டும். அதற்காக நாம் வாங்கும் சாமானை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

இங்கே சட்டம் ஒன்று குறுக்கே வருகிறது. 2013-ம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று விதித்தார்கள். செலவழிக்காமல் மீந்த பணத்தை, சட்டம் குறிப்பிடும் நிதிகளில் கட்டவேண்டும் என்றும் பின்னால் வந்தது. ஆகவே நமக்குத் தெரிந்த பெரிய சோப்புக் கம்பெனிகளும் டீக் கம்பெனிகளும், லாபம் வரும்வரை, அட்டையில் அச்சடித்தாலும் அச்சடிக்காவிட்டாலும் கொடுத்தே தீரவேண்டியவை. 2021 ஜனவரியில் விதிகளைத் திருத்தியபோது, தன் சாமானுக்கு விளம்பரப் பலன் தேடிச் செய்யும் ஸ்பான்ஸர்ஷிப் இந்தக் கணக்கில் சேராது என்றும் தெளிவாக எழுதிவிட்டார்கள். தர்மத்தையும் விளம்பரத்தையும் சர்க்காரே பிரித்து வைத்துவிட்டது!

இப்போது நம் கிளைக் கணக்கைப் பார்ப்போம். 60 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபாய் சாமான். வருஷத்துக்கு 36 லட்சம். நூறு ரூபாய் சாமானில் கம்பெனிக்குப் 10 ரூபாய் லாபம் என்று தாராளமாகவே போட்டால், அதில் 2 சதவிகிதம் 20 பைசா. ஆக 36 லட்சத்துக்கு 7,200 ரூபாய். அதுவும் புதிதாக முளைத்த பணம் அல்ல. நாம் கம்பெனியை மாற்றினால், அங்கே போகவேண்டிய 20 பைசா இங்கே வரும், அவ்வளவுதான்.

அதே 60 குடும்பங்களும் மாதம் 100 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால்? வருஷத்துக்கு 72,000. பத்து மடங்கு! யாருக்குப் போகிறது என்று நம் கண்ணால் பார்க்கவும் முடியும்.

"கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்தானாம்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். தேங்காய்க்குக் காசு கொடுத்தவர் நாம். உடைத்த பெருமை வேறொருவருக்கு. நாமும் "எனக்கும் புண்ணியம்" என்று திருப்தியாகப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எனக்குள்ள பயம் இதுதான். சோப்பு வாங்கியதோடு நம் கடமை தீர்ந்தது என்று மனசு நினைத்துவிட்டால், தனியாகக் கொடுக்கவேண்டிய 100 ரூபாய் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும். தினம் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். அந்த அரிசியைக் கடைக்காரர் அளக்கவில்லை; அந்த வீட்டு அம்மா தன் கையால் அளந்தாள்.

அப்படியானால் வாங்கும்போது கம்பெனியின் நடத்தையைப் பார்க்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசியம் பார்க்கவேண்டும். எவ்வளவு கொடுக்கிறான் என்பதற்கு முன்னால், எப்படிச் சம்பாதிக்கிறான் என்று பாருங்கள். கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் கிடந்தது வெளியே வந்து, 2001-ல் ஆலையை மூடினார்கள். தொழிலாளர் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணமில்லை என்று கம்பெனி சொல்லிவந்தது. ஆனாலும் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரச ஒப்பந்தம் 2016-ல்தான் ஏற்பட்டது. நடுவே 15 வருஷம். இதற்கிடையே 2013-ல் அதே கம்பெனி, கை கழுவும் பழக்கத்தால் குழந்தைகள் உயிரைக் காப்போம் என்று லைஃப்பாய் சோப்பின் பெயரில் பெரிய பிரசாரம் செய்தது. அதுவும் நல்ல காரியமே. ஆனால் ஒரு ஊரில் வைத்த பற்றை இன்னொரு ஊரில் கொடுத்த தர்மத்தால் தீர்க்க முடியுமா? கணக்குப் புத்தகத்தில் அப்படி எழுதினால் ஆடிட்டர் விடமாட்டார்.

சிறிய வியாபாரிகளையும் நினைக்கவேண்டும். அட்டையில் தர்மத்தை அச்சடிக்கும் சக்தி பெரிய கம்பெனிக்குத்தான் உண்டு. 1959-ல் இதே பம்பாயின் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். அதுதான் 'லிஜ்ஜத்'. அங்கே நாம் கொடுக்கும் காசே அப்பளம் இடும் பெண்ணுக்குக் கூலியாகப் போகிறது. நம் பேட்டையில் வீட்டில் பொடியும் வடாமும் செய்து விற்கும் மாமிக்கும் அப்படித்தான். தர்மம் செய்யும் கம்பெனி சாமான்தான் வாங்குவேன் என்று விரதம் இருந்தால், முதலில் அடிபடுவது அவர்கள் பிழைப்புதான்.

ஆகவே என் சிபாரிசு இது. முதலில் தரம், விலை, தேவை. அடுத்து, தொழிலாளியையும் ஊர்த் தண்ணீரையும் அந்தக் கம்பெனி எப்படி நடத்துகிறது என்பது. இவை இரண்டிலும் இரு சாமான்கள் சமமாக நின்றால், கொடுப்பவனுடையதை வாங்குங்கள், தப்பில்லை. அப்போதும் "ஒரு பகுதி" என்று மொட்டையாகப் போட்டிருந்தால் நம்பவேண்டாம். எத்தனை ரூபாய், எந்தக் காரியத்துக்கு என்று அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்திலும் கம்பெனிவாரியாகக் கணக்கு உண்டு. உங்கள் பேரன் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே!

தர்மம் சோப்புக் காகிதம் இல்லாமலே நடந்த ஊர் இது. பரேலில் டாடா நினைவு மருத்துவமனை 1941-ல் டாடா அறக்கட்டளையின் பணத்தில் எழுந்தது. யாரும் எதையும் வாங்கவேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. மாட்டுங்காவில் 1932-ல் நம்மவர்கள் ஆரம்பித்த சவுத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டி இன்று நெருல் வரை வளர்ந்திருக்கிறது.

அந்தப் பரேல் மருத்துவமனையைச் சேர்ந்த புற்றுநோய் மையம் இப்போது கார்கரிலும் இருக்கிறது. இங்கிருந்து பன்வேல் வண்டி ஏறினால் போய்விடலாம். வெளியூரிலிருந்து வரும் நோயாளியோடு துணைக்கு வந்தவர்கள் தங்கவும் சாப்பிடவும் பாஷை தெரியாமலும் படும் பாடு உங்களில் பலருக்குத் தெரியும். அந்த 72,000 ரூபாயை இவர்களுக்கு என்று ஒதுக்கலாமா? அடுத்த கூட்டத்தில் கிளை முடிவு செய்யட்டும். இதைப் பத்திரிகையில் படிக்கும் மற்ற ஊர் அங்கத்தினர்களும் தங்கள் ஊருக்கு ஏற்ற காரியம் எது என்று யோசிக்கவேண்டுகிறேன்.