பறைக்கு எந்த அரங்கு?

(செம்பரம்பாக்கத்தில் தமிழன்பர் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேரேரியின் கரையில் அமைந்த இவ்வூரில் நின்று இசையைப் பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். ஏரிக்கும் இசைக்கும் என்ன தொடர்பு என்று எவரும் எண்ண வேண்டா. மழைக்காலத்து இரவில் ஏரிக்கரை உடையும் நிலை வந்தபோது, தமிழ்நாட்டு ஊர்களைத் துயிலெழுப்பிய கருவி எது? பறையன்றோ! பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்ன கருவி ஆதலின் அது பறை ஆயிற்று.

தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் வைத்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பின்வந்த இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். பறையில்லாத தமிழ்நிலம் இல்லை.

அத்துணைப் பெருமை வாய்ந்த பறை, பிற்காலத்தில் சாவு வீட்டு வாயிலில் மட்டும் நிறுத்தப்பட்டது எவ்வாறு? கருவியின்மேல் சாதி ஏறிற்று. அதனை இசைத்தவன்மேல் இழிவு ஏற்றப்பட்டது. கொடுமை அத்துடன் நிற்கவில்லை. கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலத்திற்குச் சென்றபோது நாம் மகிழ்ந்தோம். ஆனால், 17-ஆம் நூற்றாண்டிலேயே பறையர் என்னும் பெயரும் அம்மொழிக்குள் சென்றது. 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் பொருளில் இன்றும் அகராதிகளில் நிற்கின்றது. அந்தப் பொருளை ஆங்கிலேயன் தானாகப் படைத்தானா? இல்லை. நம் தெருக்களில் கண்டதை அவன் எழுதிக்கொண்டான்.

நண்பர்களே! தமிழிசை இயக்கத்தின் தொண்டு பெரிது. 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். 1940-களில் அண்ணாமலையார் முன்னின்று நடத்திய இயக்கம், தமிழில் பாடினால் இசையாகுமா என்று கேட்டவர்தம் வாயை அடைத்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிற்று. அரங்கின் கதவு தமிழ்ப் பாட்டுக்குத் திறந்தது. ஆனால், அக்கதவின் வழியே பறை உள்ளே சென்றதா? உறுமி சென்றதா? மொழிக்குத் திறந்த கதவு, அம்மொழியைப் பேசும் மக்கள் எல்லார்க்கும் திறக்கவில்லை.

அக்கதவைத் தட்டியவர் பலர். பேராசிரியர் கே. ஏ. குணசேகரன் தம் 'தன்னானே' குழுவினரோடு ஊர் ஊராகப் பாடினார். இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாட்டு அவர் குரலில் நாடெங்கும் பரவிற்று. அப்போது ஒருவர் எழுந்து, "மனுசன் என்பது வடசொல்வழி வந்தது, மாந்தன் என்று திருத்திப் பாடும்" என்று தடுத்திருந்தால் அவரை என்னென்பது? மாந்தனாகவே மதிக்கப்படாதவன் கதறும்போது, மாந்தன் என்னும் சொல்லை அவன் கையில் கொடுப்பது எளிது. மாந்தன் என்னும் நிலையை அவனுக்குக் கொடுப்பதே அரிது.

இனி, 2018-ஆம் ஆண்டிற்கு வருவோம். அவ்வாண்டு சனவரி 6-ஆம் நாள், சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இசைக்குழு முதன்முதலாக மேடையேறிற்று. பத்தொன்பதின்மர் கொண்ட குழு. கானாப் பாடகரும் சொல்லிசைக் கலைஞரும் ஒருங்கு நின்றனர். பறையும் சட்டியும் கட்ட மோளமும் கிதாரோடு சேர்ந்து ஒலித்தன. ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டனர். நாளைக் கவனியுங்கள்: அது மார்கழித் திங்கள்! நகரின் மற்றொரு பக்கத்து அரங்குகளில் இசைவிழா நடக்கும் அதே திங்கள். சாவு வீட்டில் பாடப்பட்ட கானா, வாழ்வைப் பாட மேடையேறிய நாள் அது.

அவர்தம் முதல் இசைத்தொகுப்பின் பெயர் 'மகிழ்ச்சி'. நல்ல தமிழ்ச் சொல். இடஒதுக்கீடு, உணவுரிமை, ஆணவக் கொலை எனத் தாம் பட்டவற்றை அவர்கள் பாடினர். பட்ட துன்பத்தைப் பாடியவர்கள் அழுகையை மேடையில் வைக்கவில்லை, மகிழ்ச்சியை வைத்தனர். ஆடவர் மட்டுமே பாடிவந்த கானாவை இசைவாணி என்னும் பெண் பாடினார். 2020-இல் பி.பி.சி. நிறுவனம் உலகின் நூறு பெண்டிருள் ஒருவராக அவரைத் தேர்ந்தது. அதே இசைவாணிமேல், 2018-இல் பாடிய ஒரு பாட்டைக் காட்டி, 2024 நவம்பரில் முறையீடுகளும் வசைகளும் அச்சுறுத்தல்களும் பாய்ந்தன. உலகம் பாராட்டிய குரலுக்கு உள்ளூரில் கிடைத்த வரவேற்பு இது!

நம்மவருள் சிலரும் இரண்டு குறைகளைச் சொல்கின்றனர். ஒன்று, குழுவின் பெயர் ஆங்கிலத்தில் உள்ளது என்பது. 'தி காசுட்லெசு கலெக்டிவ்' என்பது அப்பெயர். மற்றொன்று, கானாவில் ஆங்கிலமும் உருதும் கலந்துள்ளன என்பது.

முதற்குறையை எடுத்துக்கொள்வோம். அப்பெயரின் வேர் எங்குள்ளது? 'சாதியற்ற தமிழர்' என்று முழங்கிய அயோத்திதாசப் பண்டிதரிடம் உள்ளது. அவர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமையிதழைத் தொடங்கினார். மறைமலையடிகள் தனித்தமிழ் முழக்கம் எழுப்பிய 1916-க்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே, சாதியற்றவனே தமிழன் என்று எழுதிய பெருமகன் அவர். ஆங்கில உடை உடுத்திய அப்பெயரின் உள்ளே இருப்பது தூய தமிழ்க் கருத்து. ஆதலின் அக்குழுவினரை நோக்கி நாம் ஒன்று கேட்கலாம்: "தம்பியரே, தங்கையரே! உங்கள் பெயரைப் பண்டிதர் தந்த தமிழிலேயே சூட்டிக்கொள்ளுங்கள். இன்னும் ஓங்கி ஒலிக்கும்." இஃது உறவினர் விடுக்கும் வேண்டுகோள். வரவேற்பதற்கு விதிக்கும் கட்டளை அன்று.

இரண்டாம் குறை. வடசென்னைத் துறைமுகத்திலும் பணிமனைகளிலும் பல மொழியாரோடு தோள்சேர்த்து உழைத்தவரின் வாய்மொழி அது. பள்ளிக்கூடத்தின் வாயில் பல தலைமுறைகளாக அடைக்கப்பட்டிருந்தோரிடம் சென்று, செந்தமிழ் எங்கே என்று கேட்பதற்கு முன், அதனை அவர்க்குக் கொடுத்தோமா என்று கேட்க வேண்டும். கற்ற நாமோ வங்கியிலும் அலுவலகத்திலும் விரும்பியே ஆங்கிலம் கலக்கின்றோம்! இவ்விரண்டும் ஒரே தட்டில் வைக்கத் தக்கனவா?

தோழர்களே! அயற்சொல்லைக் களைவது நம் கடன். ஐயமில்லை. ஆனால், களை நம் சொற்களுக்குள்ளேயும் முளைத்துள்ளது. ஒருவரைத் திட்டுதற்குச் சாதிப் பெயரை எடுக்கும் நாக்கு, எத்துணைத் தூய தமிழ் பேசினாலும் அது தூய நாக்கு ஆகுமா? அந்த வசைச்சொல்லில் ஓர் அயலெழுத்தும் இல்லை, எல்லாம் தமிழெழுத்தே! 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். செம்பரம்பாக்கத்து ஏரி நீரைச் சென்னை பருகுகின்றது. குழாயைத் திறப்பவனின் பிறப்பை இந்நீர் கேட்பதில்லை. நீருக்கு இருக்கும் தூய்மை நெஞ்சுக்கு வேண்டாவா?

ஆதலின் இவ்வூர் அன்பர்களிடம் நான் வேண்டுவன மூன்று. அடுத்த பொங்கல் விழா மேடையில் பறையிசைக்கு முதலிடம் கொடுங்கள்; இசைப்போர்க்கு மாலையிட்டு, மேடையில் இருக்கை தந்து, உரிய ஊதியத்தைக் கையில் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, எந்தக் குடியில் பிறந்தவராயினும், பறை கற்பியுங்கள். சாதி வசை காதில் விழும் இடத்தில், அயற்சொல்லைத் திருத்தும் அதே விரைவோடு அதனைத் தடுத்துத் திருத்துங்கள்.

இவற்றைச் செய்த பின் அந்த இளங்கலைஞரிடம் சென்று நல்ல தமிழ்ச் சொல்லை நீட்டுவோம். அப்போது அவர்கள் அதனை அறிவுரையாக எண்ணார். தம் பங்காகப் பெற்றுக்கொள்வர்.

பறை ஒலிக்கட்டும்! சாதி ஒழியட்டும்! தமிழ் வெல்க!