எட்டடியில் ஒரு வழக்கு



மறுத்து நிற்பவரின் மனத்தை மாற்றுவதற்கு மூன்று வழிகளைக் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில் வகுத்தார்: சொல்வோரின் நன்மதிப்பு, கேட்போரின் உணர்ச்சி, காரணத்தின் வலிமை. இம்மூன்றையும் எங்கே, எவ்வளவு ஆள்வது என்பதைக் கோவூர் கிழாரின் புறநானூற்று 46ஆம் பாடலில் காணலாம்.

சோழன் கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக்கு இட்டபோது பாடி அவர்களை உய்வித்தது என்கிறது பாடலின் பழங்குறிப்பு. எட்டே அடிகள். முதலில், புறாவின் துயர் தீர்த்தவன் வழிவந்தவன் நீ என்று மன்னனின் குடிப்பெருமை நினைவூட்டப்படுகிறது. அடுத்து, புலவரின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகுத்து உண்டோர் மரபினர் இவர்கள் என்கிறார். புலவர் தம் பெருமையை ஓரிடத்தும் பேசவில்லை. ஆயினும் அந்தப் 'புலவர்' என்ற சொல்லுக்குள் அவரும் நிற்கிறார். கடன்பட்டவர் சாட்சி சொல்ல வந்திருக்கிறார் என்பதை அவை உணராதிருக்குமா?

இவ்விரண்டும் நிலைபெற்ற பின்னரே உணர்ச்சி வருகிறது. அதுவும் ஓலமாக அன்று. அழுதுகொண்டிருந்த சிறுவர் யானையைக் கண்டதும் அழுகையை மறக்கின்றனர். அது தம்மைக் கொல்ல நிற்பது என்பதை அறியாப் பருவம். அவர்கள் மருள்வதோ, பழகாத மன்றத்தைப் பார்த்து! இரக்கம் கொள்க என்று புலவர் ஒரு சொல்லும் கூறவில்லை. கண்ட காட்சியைக் கூறினார், அவ்வளவே. 'ஐயகோ' என்று தொடங்கி அடைமொழிகளை அடுக்கும் இக்காலக் கட்டுரைகள் வாசகரின் கண்ணீரைத் தாமே வடித்துவிடுகின்றன; வாசகருக்கு மிச்சம் வைப்பதில்லை.

முடிவில், கேட்டாயாயின் நீ விரும்பியதைச் செய் என்று விலகிக்கொள்கிறார். கொடியவன் என்று மன்னனைப் பழித்திருந்தால், அவன் தன் செயலுக்கு அரண் தேடியிருப்பான். பழிக்காமையால் அவனுக்குத் திரும்பி வர வழி இருந்தது.

இதே புலவர் 45ஆம் பாடலில் வேறு வழியை மேற்கொள்கிறார். உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளியும் உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியும் சோழர்களே. அங்கே குழந்தையும் இல்லை, கண்ணீரும் இல்லை; கணக்கு மட்டுமே. எதிரே நிற்பவன் அணிந்தது பனையும் அன்று, வேம்பும் அன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே. ஒருவர் தோற்பினும் தோற்பது உம் குடி. இருவரும் வெல்வது இயற்கையன்று. இவ்வாறு காரணத்தை நிறுவியபின், இப்போர் பிற வேந்தருக்குத்தான் உடல் பூரிக்கும் மகிழ்ச்சி தரும் என்று நாணத்தைத் தொட்டு நிறுத்துகிறார்.