சிறு கைகளில் முதல் விரதம்



இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்தை மாசுபடுத்தும் குற்றங்களும் ஐந்து என உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்துள்ளார். உயிர்களைக் கட்டி அடைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கவொண்ணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. தொழுவத்துப் பசுவுக்கு உரிய வேளையில் தண்ணீர் காட்டாது விடுவதும் அந்த ஐந்தாம் குற்றத்தின்பாற் படும். ஆகவே, தண்ணீர் காட்டும் பொறுப்பை ஏற்ற ஒரு சிறுவன், விரதத்தின் பெயரை அறியுமுன்னரே அதன் காவலன் ஆகிவிடுகிறான்.

கவனமற்ற செயலால் உயிருக்கு ஊறு நேர்வதே இம்சை என்றும் அந்நூல் கூறும். எனவே கொல்லாமையின் வேர் கவனம். கவனத்தைச் சொல்லால் மட்டும் ஊட்டிவிட இயலாது. அது கையின் பழக்கமாய் வளர வேண்டும். திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டச் சிற்றூர்களில் உழவுத் தொழில் செய்து வாழ்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்களுக்கு வீடும் வயலும் தொழுவமும் அப்பழக்கத்தின் பள்ளிகளாய் இருந்தன.

நீர் வடிகட்டுதலைக் காண்க. கெட்டியான பருத்தித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயிற் கட்டி நீரை ஊற்றுவது எளிது. அத்துடன் பணி முடிவதில்லை. துணியைப் புறம் திருப்பி, வடித்த நீரால் அலசி, அந்நீரை எடுத்த கிணற்றிலேயே மெல்லச் சேர்த்தல் வேண்டும். அதில் தங்கிய நுண்ணுயிர்கள் தம் இருப்பிடம் சேர்வதற்கே இம்முறை. இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், கடந்தபின் அந்நீரை மீண்டும் வடிகட்ட வேண்டும். இதனை நாள்தோறும் செய்யும் சிறுமி, தொடங்கிய வேலையை இறுதிவரை முடிப்பதையும், காலம் அறிந்து நடப்பதையும், கண்ணுக்குப் புலனாகா உயிரையும் மதிப்பதையும் ஒருங்கே கற்கிறாள்.

அடுக்களையும் அவ்வாறே. அரிசியைப் புடைத்துப் புழுவிருப்பின் நிழலில் விடுதல், விறகையும் வறட்டியையும் தட்டிப் பார்த்து அடுப்பிலிடுதல், கதிரவன் மறையுமுன் உணவு முடியும்படி காய் நறுக்கி உதவுதல் ஆகியன பிள்ளைகளுக்கு ஏற்ற பணிகள். ஆண், பெண் என்னும் வேறுபாடு இவற்றில் வேண்டா.

பொறுப்பை அளிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இன்று ஒன்று, நாளை வேறொன்று என ஏவினால் பிள்ளை ஏவலாளாகும். ஒரே பணியை ஒரு பருவம் முழுதும் அதன் பெயரில் ஒப்படைத்தால், 'இது என்னுடையது' என்னும் எண்ணம் பிறக்கும். கூலி பேசி வேலை வாங்கினால் கூலி நின்ற அன்றே வேலையும் நிற்கும்.

பிள்ளை தவறினால் என் செய்வது? தவறிக் கற்கட்டும் என விட்டுவிடுதல் எல்லாப் பணிக்கும் பொருந்தாது. துலக்காத பாத்திரம் காத்திருக்கலாம்; தாகத்தோடு நிற்கும் கன்று காத்திருத்தல் ஆகாது. பிள்ளையின் பாடத்திற்காக ஓர் உயிர் வருந்துவது அறமன்று. ஆதலின் முதலில் உயிர் சாராத பணிகளையும், அவற்றில் நிலைத்தபின் உயிர் சார்ந்த பணிகளையும் தருதல் நன்று. அப்பொழுதும் பெரியவர் ஒருவர் பின்னின்று நோக்க வேண்டும். பிள்ளை மறந்த அன்று அவர் தண்ணீர் காட்டிவிட்டு, மறுவேளை பிள்ளையையே அழைத்துச் செல்லலாம். வசைமொழி வேண்டா, பொறுப்பைப் பறித்தலும் வேண்டா.

சற்று வளர்ந்த பிள்ளைக்குக் கொல்லையில் ஒரு வெண்டைப் பாத்தியை ஒப்படைக்கலாம். விதைத்த நாள், பாய்ச்சிய நீர், பறித்த காய், விற்ற தொகை அனைத்தையும் அது குறிப்பேட்டில் எழுதி வரட்டும். அளவைக் குறைத்துக் கொடுத்தலும் கூட்டி வாங்கலும் கள்ளாமை விரதத்திற்குக் குற்றம் என்பதைத் தராசின் முன் நிற்கையில் விளக்கினால் மனத்திற் பதியும். செடியிற் பூச்சி கண்டால் அது வினா எழுப்பும். கருதிச் செய்யும் சங்கல்ப இம்சையை இல்லறத்தான் முற்றும் துறக்க வேண்டும் என்பதையும், உழவு முதலிய தொழில்களில் தவிர்க்கவியலாது நேர்வதையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்பதையும் உணர்த்த அதனினும் சிறந்த வேளை வாய்க்காது.

படிப்புக் கெடும் எனப் பெற்றோர் அஞ்சுவர். நாளொன்றுக்கு அரைமணி நேரப் பணி படிப்பைக் கெடுப்பதில்லை. பணியே அறியாது வளரும் பிள்ளை எதிர்நோக்கும் இழப்போ பெரிது. பல குடும்பங்கள் நகரம் பெயர்ந்துவிட்டன. சிற்றூர் ஜிநாலயங்கள் பலவற்றில் நாள்பூசைக்கும் துப்புரவுக்கும் சில முதியோரே எஞ்சியுள்ளனர். விழாவுக்கு மட்டும் வந்து வணங்கிச் செல்லும் பிள்ளைக்கு ஆலயம் பார்க்குமிடமாகவே நிற்கும். விடுமுறைக்கு வந்த பத்து நாளும் பூசைப் பாத்திரம் துலக்கி, சந்தனம் அரைத்து, திருச்சுற்றை மென்துடைப்பத்தால் உயிர்க்கு ஊறின்றிப் பெருக்கிய பிள்ளைக்கோ அது தன் பொறுப்பாகும். நகர வீட்டிலும் வடிதுணிக்கு இடமுண்டு. மாடியில் பறவைக்கு நீர் வைக்க ஒரு மண்சட்டி போதும்.

இவ்விழா நாளில் ஒவ்வொரு குடும்பமும் தம் பிள்ளைக்கு ஒரு பணியைப் பெயர் சொல்லி ஒப்படைக்கட்டும். அடுத்த விழா வரும்வரை அப்பணி அப்பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.

அறம் வளர்க!