பயண விடுதியும் ஏமாற்று வலையும்
(உம்ரா பயணிகளுக்கான வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இஹ்ராம், தவாஃப், ஸஃயு ஆகியவற்றின் சட்டங்களைச் சென்ற அமர்வில் கண்டோம். இன்று தங்கும் விடுதியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். பள்ளிவாசலில் ஓட்டல் பேச்சா எனச் சிலர் எண்ணக்கூடும். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சேர்த்த ஹலாலான பணம் பறிபோவதும், வயது முதிர்ந்த தாய்மார்கள் பெட்டிகளுடன் நள்ளிரவில் அந்நியத் தெருவில் நிற்பதும் மார்க்கத்திற்குப் புறம்பான செய்திகள் அல்ல.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்து, அடியிலிருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. மேற்புறம் உலர்ந்துதான் இருந்தது. கஅபாவை நோக்கிய சாளரமும் பாதி வாடகையும் காட்டும் விளம்பரத்திற்கும் அவ்வாறே ஓர் அடிப்புறம் உண்டு. புனிதப் பயணிகளையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்துப் போலி இணையதளங்கள், முகநூல் பக்கங்கள், வாட்ஸ்அப் கணக்குகள் இயங்குவதாக 2025 ஏப்ரலில் உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் எச்சரித்தது. கேதார்நாத் செல்லும் இந்து சகோதரர்களும் இதே வலையில் சிக்குகின்றனர். இறை நாட்டத்துடன் புறப்படுபவர் எளிதில் நம்பிவிடுவார் என்பதே கள்வரின் கணக்கு.

இதனினும் நுட்பமான மோசடி ஒன்று உண்டு. புக்கிங் டாட் காம் நிறுவனத்தின் பெயரில் விடுதி ஊழியர்களுக்கே போலி மின்னஞ்சல் அனுப்பிக் கடவுச்சொற்களைத் திருடும் கூட்டத்தை 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளிப்படுத்தியது. இவ்வாறு விடுதியின் கணக்கு கள்வர் கைக்குப் போய்விட்டால், முறையாக முன்பதிவு செய்தவருக்கே செய்தி வரும். பெயர், தேதி, அறை அனைத்தும் சரியாக இருக்கும். ‘24 மணி நேரத்திற்குள் அட்டையைச் சரிபார்க்காவிடில் அறை ரத்தாகும்’ என அவசரப்படுத்தி ஓர் இணைப்பையும் தருவர். அந்த இணைப்பைத் தொடாதீர்கள். அச்செய்தியிலுள்ள எண்ணை அழைக்கவும் வேண்டாம். விடுதியின் சொந்த இணையதளத்தில் எண்ணைக் கண்டறிந்து பேசுங்கள். மக்காவில் பணிபுரியும் நம்மூர்ப் பிள்ளை ஒருவரை நேரில் சென்று விசாரிக்கச் சொல்வது இன்னும் மேலானது. ‘பணத்தைத் திருப்பித் தருகிறோம், இரகசிய எண்ணை இடுங்கள்’ என்பாரையும் நம்ப வேண்டாம். யுபிஐயில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை.

இனி, குழுவாக அழைத்துச் செல்வோர். ஸலாம் கூறி, துஆச் செய்யக் கேட்டுக்கொண்டு பேசுகிறவரிடம் ரசீது கேட்பது மரியாதைக் குறைவு என நம்மவர் கருதுகின்றனர். கடனை எழுதிக்கொள்ளப் பணிக்கும் வசனமே (2:282) திருக்குர்ஆனில் மிக நீண்டது. எழுத்தைக் கேட்பதில் அவமரியாதை எங்கே வந்தது? விடுதியின் பெயர், தேதிகள், அறைக்கு எத்தனை பேர் என அனைத்தையும் எழுதி வாங்குங்கள். ‘அல்லது அதற்கு இணையான விடுதி’ என்னும் ஒரு வரி இருந்தால், அந்த இணை எது எனக் கேளுங்கள். 500 மீட்டர் என்றால் நடைவழியா, வரைபடத்தில் இழுத்த நேர்கோடா என்பதையும் கேளுங்கள். மக்கா மலைகள் சூழ்ந்த ஊர்.

இழந்தவர் பலர் வெட்கத்தால் மறைத்துவிடுகின்றனர். நாள் கடந்தால் பணம் பல கணக்குகளுக்கு மாறிப் போய்விடும். உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் எண்ணை அழையுங்கள்; பயணத்தில் இருப்போர் ஊரிலுள்ள பிள்ளைகள் வாயிலாகப் புகார் செய்யலாம்.